அழிக்க மறுத்த மூன்று புள்ளிகள்

ஜாருனியிடம் பி.எச்.டி. பட்டம் கிடையாது. லம்பாங்கிலிருந்து இருபத்தாறு வயதில் சியாங்மாய்க்கு வந்து, பல்கலைக்கழகத்தின் செல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தோரு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். செல்களுக்குச் சாப்பாடு மாற்றுவது, பெருகியதைப் பிரித்து வேறு குப்பிக்கு மாற்றுவது, எண்ணுவது, எழுதி வைப்பது, இவைதான் வேலை. கையுறை இல்லாமல் உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வைப்பாள். ஒருமுறை துணைவேந்தரையே நிற்க வைத்தாள் என்று சொல்வார்கள். அவள் அதை மறுத்ததில்லை.

அவள் வளர்த்தவை மார்புப் புற்றுநோய் செல்கள். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன் இறந்துபோன ஒரு கன்னியாஸ்திரீயின் உடம்பிலிருந்து எடுத்தவை. அந்தப் பெண்மணி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய செல்கள் மட்டும் உலகமெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. காலையில் குப்பியை எடுக்கும்போது ஜாருனி, "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஜூலை மாதம் ஒரு மூலிகைக் கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. வெள்ளை குவாவ் கிழங்கின் பொடி. காட்டில் கொடியாகப் படர்ந்து, மண்ணுக்குள் தலை பருமனுக்குக் கிழங்கு விடும். வயதான பெண்களுக்கு இளமை திரும்பும் என்று வடக்கே எல்லோருக்கும் தெரிந்த சரக்கு. கம்பெனிக்கு இப்போது புது யோசனை. மார்புப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடித்த பெண்களுக்கு இதைக் குளிகையாக விற்க வேண்டும். பெட்டியின் மேல், "புற்றுநோய் செல்களைக் கொல்வது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட வேண்டும். அதற்கு ஐந்து அளவுகளில் சோதித்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். ஐந்துமே பெரிய அளவுகள்.

ஜாருனி ஐந்தையும் செய்தாள். கூடவே, யாரும் கேட்காமல், மிகச் சிறிய அளவுகள் மூன்றைத் தானாகச் சேர்த்தாள்.

உயிரோடு இருக்கிற செல், தன் மேல் ஊற்றிய மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். செல் கூடினால் ஊதா கருக்கும். செத்தால் வெளுத்துப்போகும். மூன்று நாள் கழித்து, செல்கள் வளர்ந்த குழித் தட்டை வெளியே எடுத்தபோது ஐந்து பெரிய அளவுகளும் கம்பெனி ஆசைப்பட்டபடியே வெளுத்திருந்தன. மூன்று சிறிய அளவுகளும் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்திருந்தன. கிழங்கே போடாத குழிகளைவிடக் கறுப்பு.

ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாள். திரும்பச் செய்தாள். அதேதான். மூன்றாவது முறை, சிறிய அளவுக் கிழங்கோடு, நோயாளிகள் சாப்பிடுகிற ஹார்மோன் தடுப்பு மருந்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். வளர்ச்சி நின்றுவிட்டது. அப்போது அவளுக்கு விளங்கியது. கிழங்கில் இருக்கிற சத்து பெண் ஹார்மோனின் வேஷம் போட்டுக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. அந்தச் செல்களுக்கோ ஹார்மோன்தான் தீனி. கொஞ்சமாகக் கொடுத்தால் வளர்க்கிறது. அளவுக்கு மீறிக் கொட்டினால் கொல்கிறது.

எட்டுப் புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்து, ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியர் தவீப்பின் மேஜையில் வைத்தாள். மறுநாள் அவர் கூப்பிட்டார்.

"ஜாருனி, இந்த மூணு புள்ளி என்னது?"

"கிழங்கைக் கொஞ்சமா போட்டா என்ன ஆகுதுன்னு பார்த்தேன், ஆச்சான்." அங்கே பேராசிரியரை எல்லோரும் ஆச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கம்பெனி அஞ்சுதானே கேட்டாங்க? யாரு சேர்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க ஊர்ல இந்தக் கிழங்கை மிளகு அளவுதான் உருட்டித் தின்பாங்க. கம்பெனி கேட்ட அளவு ரத்தத்துல ஏறணும்னா ஒருத்தி தினமும் ஒரு கூடைக் கிழங்கு திங்கணும். அப்படித் தின்னா கேன்சருக்கு முன்னாடி அவ போயிடுவா."

தவீப் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரை நம்பி மூன்று மாணவர்கள் இருந்தார்கள். கம்பெனி அடுத்த மூன்று வருஷத்துக்கு ஆய்வகத்தைத் தாங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தது. சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மூணையும் எடுத்துடு. தட்டுல இருக்கற செல் மனுஷி இல்ல, ஜாருனி. இதை வெச்சு ஊரைப் பயமுறுத்தக் கூடாது."

"சரி ஆச்சான். அப்போ மத்த அஞ்சு புள்ளியும் மனுஷி இல்லதானே? அதை மட்டும் எப்படிப் பெட்டி மேல போடறது?"

தவீப் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "பரிசோதித்தவர்னு அச்சடிச்ச இடத்துல உன் கையெழுத்து வேணும்," என்றார், காகிதத்தைத் தள்ளி. அதில் ஐந்து புள்ளிகள்தான் இருந்தன. மாணவன் ஒருவன் அழகாக வரைந்திருந்தான்.

"போட மாட்டேன்," என்றாள் ஜாருனி.

"கம்பெனியோட ரகசிய ஒப்பந்தம் இருக்கு. வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது, தெரியும்ல?"

"ஒப்பந்தத்துலயும் நான் கையெழுத்துப் போடல, ஆச்சான். இதுலயும் போடல. ரெண்டும் ஒத்துப்போகுது."

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஆளே வந்தார். கிட்டிபோங் என்று பெயர். கையில் ஒரு கூடை லாம்யாய்ப் பழம். ஆய்வக வாசலில் நின்று, யாரும் சொல்லாமலே கையுறை மாட்டிக்கொண்டார். ஆள் கெட்டிக்காரர்தான் என்று ஜாருனி நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் நம்ம வடக்கத்திக்காரங்க. இது நம்ம மண்ணுல விளைஞ்ச கிழங்கு. வெள்ளைக்காரன் மருந்துன்னா கண்ணை மூடிட்டு நம்பறோம். நம்ம கிழங்குன்னா மட்டும் ஆயிரம் குத்தம் கண்டுபிடிக்கறோம்."

"எங்கம்மா இதைத் தோண்டித்தான் எங்களை வளர்த்தா," என்றாள் ஜாருனி. "கிழங்கு மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. அது செய்ய வேண்டியதைச் செய்யுது. அது செய்யாததைச் செய்யுதுன்னு சொல்றது நீங்கதான்."

"கொல்லுதுன்னு உங்க தட்டே சொல்லுதே."

"வளர்க்குதுன்னும் அதே தட்டு சொல்லுது. தட்டுக்கு ரெண்டு வாய் இருக்கு. நீங்க ஒண்ணைப் பொத்தப் பாக்கறீங்க."

கிட்டிபோங் கூடையைக் கீழே வைத்தார். "நீங்க கையெழுத்துப் போடலேன்னா வேற யாராவது போடுவாங்க, அக்கா. அவ்வளவுதான்."

"போடட்டும். அந்தப் பேரு ஜாருனின்னு இருக்காது. பழத்தை எடுத்துட்டுப் போங்க. உள்ள எறும்பு வரும்."

அடுத்த திங்கட்கிழமை அவளிடமிருந்து ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றல். உத்தரவில், "நிர்வாக வசதிக்காக" என்று இருந்தது. ரப்பர் பூட்ஸும் நீண்ட ஏப்ரனும் கொடுத்தார்கள். மாலைக்குள் அந்த அறையின் குழாய்கள் எல்லாம் பளபளத்தன. எட்டுப் புள்ளி வரைபடத்தின் நகல் ஒன்று மட்டும் அவள் பையில் இருந்தது.

கிட்டிபோங் சொன்னபடியே வேறொரு கையெழுத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கம்பெனி அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. புவாக் ஹாட் பூங்காவில் தினமும் காலையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்கிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் மார்பில் அறுவை சிகிச்சை முடித்தவர்கள். கம்பெனிப் பெண் ஒருத்தி அங்கே மைக்கோடு வந்து, ஆளுக்கு ஒரு புட்டிக் குளிகையை மாதிரிக்கு என்று இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இது ஜாருனிக்கு ஓன்சி மூலமாகத் தெரியவந்தது.

ஓன்சி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, வரோரோட் சந்தையில் மசாலா அடைத்த பன்றிக் குடல் சுட்டு விற்பவள். ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன் இடது மார்பை எடுத்தார்கள். அதிலிருந்து ஹார்மோன் தடுப்பு மாத்திரை தினமும் ஒன்று. ஜாருனி வாடகைக்கு இருப்பது அவள் வீட்டு மாடியில். கழுவும் அறைக்குப் போன ஐந்தாம் நாள், சந்தைக்கு வந்த ஜாருனியின் கண்ணில் தராசுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் புட்டி பட்டது.

"ஓன்சி அக்கா, இது எவ்வளவு நாளா?"

"மூணு வாரம். ஏன், உனக்கும் வேணுமா? உனக்குத்தான் இளமை போயி ரொம்ப நாளாச்சே."

"நிறுத்திடு."

ஓன்சி இடுக்கியைக் கீழே வைத்தாள். கரி அடுப்பின் அனலில் அவள் முகம் சிவந்திருந்தது. ஆனால் வியர்க்கவில்லை.

"பாத்தியா?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "மூணு வருஷமா எனக்கு உள்ள ஒரு அடுப்பு, வெளிய ஒரு அடுப்பு. அந்த டாக்டர் மாத்திரை தின்னதுலேருந்து திடீர் திடீர்னு உடம்பு பத்தி எரியும். யாவாரத்துக்கு நடுவுல பனிக்கட்டியைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு நிப்பேன். இது வந்தப்புறம்தான் உள்ள இருக்கற அடுப்பு அணைஞ்சிருக்கு. அதைப் புடுங்க வந்தியா நீ?"

"அது ஏன் அணையுதுன்னு தெரியுமா?" ஜாருனி பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன் செல்லுக்குள்ள ஒரே ஒரு நாற்காலி இருக்குன்னு வெச்சுக்க. ஹார்மோன் வந்து உக்காந்தா செல் வளரும். டாக்டர் மாத்திரை அந்த நாற்காலியைப் புடிச்சு வெச்சுக்குது, யாரும் உக்கார விடாம. அதனாலதான் எரியுது. இந்தக் கிழங்கு ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வந்து மாத்திரையை எழுப்பிவிடப் பாக்குது. உனக்குக் குளுகுளுன்னு இருக்கு. மிச்சம் ஏதாவது நோய் ஒளிஞ்சிருந்தா அதுக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

"இருக்கும்கறியா, இருக்குங்கறியா?"

"உன் உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தட்டுல நடந்தது தெரியும். மூணு தடவை பாத்தேன்."

"உன் தட்டுல இருக்கறது செத்துப்போன வெள்ளைக்காரி," என்றாள் ஓன்சி. "நான் உசிரோட இருக்கேன். என் உடம்பைப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டாங்க. டாக்டர் பேசினான், நர்ஸ் பேசினா, இப்ப மாடி வீட்டுக்காரியும் பேசறா. எழுந்திரு. வாங்க வர்றவங்க நிக்கறாங்க."

ஜாருனி எழுந்து வந்துவிட்டாள். அடுத்த நான்கு நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் ஓன்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவி போனபோது வராத வருத்தம் ஜாருனிக்கு அப்போது வந்தது. அவள் சொன்னது எதையும் திரும்பப் பெறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், புட்டியையும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஓன்சி மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர்கிட்ட புட்டியைக் காட்டினேன். மூஞ்சி மாறிப்போச்சு அவருக்கு. உடனே நிறுத்துங்கன்னாரு. அப்போ மத்தவங்களுக்கும் சொல்லுங்கன்னேன். என் கையில காகிதம் ஒண்ணும் இல்லையே, ஆய்வு பண்ணினவங்க கொல்லுதுன்னுல்ல சொல்றாங்க அப்படின்னாரு." ஓன்சி வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கினாள். "காகிதம் எங்க இருக்கு?"

ஜாருனி பையைத் திறந்து நகலை நீட்டினாள். ஓன்சி அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை நீ கொடுத்தா திருட்டுன்னு சொல்லுவாங்க. உன் வேலையைப் பூராவும் புடுங்கிடுவாங்க. நீ உன் சட்டியைக் கழுவு. நாங்க கேட்டு வாங்கிக்கறோம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினோரு பெண்கள், உடற்பயிற்சி செய்கிற அதே ரோஜா நிற பனியனோடு, அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். பேராசிரியர் இல்லை என்று அலுவலகப் பெண் சொன்னதும், இருக்கட்டும் என்று நடைவழியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட குடலையும் பிரித்தார்கள். வாசனை நான்காம் மாடி வரை போனது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓன்சி அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பத்தரை மணிக்குத் தவீப், எங்கும் போகாமல் உள்ளேதான் இருந்தவர், கதவைத் திறந்தார்.

"இது பல்கலைக்கழகம், அம்மா. என்ன வேணும் உங்களுக்கு?"

"கிழங்குப் பொடி பத்தின முழுக் காகிதம் வேணும், ஆச்சான்," என்றாள் ஓன்சி.

"அது ரகசிய அறிக்கை. கொடுக்க முடியாது."

"ரகசியமா? எங்க வாயில போடும்போது ரகசியம் இல்லையே. பார்க்ல மைக் வெச்சுல்ல கொடுத்தாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் பிம்பா என்பவள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு கோட்டைப் பாதியில வெட்டிட்டு இதுதான் கோடுன்னு என் வகுப்புப் பசங்க காட்டினா நான் சைபர் போடுவேன், ஆச்சான். உங்களுக்கு நான் என்ன போடட்டும்?"

அதற்குள் செய்தி கீழ்த்தளத்துக்குப் போயிருந்தது. ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட ஜாருனி படியேறி வந்தாள். வரக் கூடாது என்று ஓன்சி கண்ணைக் காட்டினாள். ஜாருனி அதைப் பார்க்காத மாதிரி நடந்து, நேராகத் தவீப்பின் அறைக்குள் போய், சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்கு எதிரில் நின்றாள். பெண்கள் வாசலை மறித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"காகிதம் கம்பெனியோடது. என் ஞாபகம் என்னோடது," என்று சொல்லி மார்க்கரை எடுத்தாள்.

இரண்டு கோடு போட்டாள். கீழே கிழங்கின் அளவு, பக்கத்தில் செல்லின் எண்ணிக்கை, கிழங்கே போடாத குழிக்கு நூறு என்ற கணக்கில். ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். கோடு முதலில் ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு சரசரவென்று இறங்கியது. "மாத்திரையா திங்கற அளவு இங்க இருக்கு," என்று ஏறுகிற இடத்தைக் காட்டினாள். "பெட்டி மேல போடறது அங்க இருக்கு," என்று கோடு இறங்கி முடிகிற மூலையைக் காட்டினாள்.

தவீப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். காவலாளைக் கூப்பிடப்போகிறார் என்று ஜாருனி நினைத்தாள். கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் மனதுக்குள் எடுத்து வைத்திருந்தாள். அவர் மெல்ல முன்னால் வந்து அவள் கையிலிருந்த மார்க்கரை வாங்கினார். அவள் வைத்த மூன்றாவது புள்ளியை விரலால் அழித்தார். அதே நேர்கோட்டில், அதைவிட இரண்டு விரற்கடை மேலே, புதிதாக ஒரு புள்ளி வைத்தார்.

"நூத்து எழுபத்தெட்டு," என்றார். "நீ நூத்து அறுபதுல வெச்சிருக்க. தப்பு."

அவருக்கும் அந்த எண்கள் மனப்பாடமாக இருந்திருக்கின்றன. பிம்பா, "இப்ப சரி," என்றாள்.

முழு அறிக்கை அந்த வாரமே போனது. எட்டுப் புள்ளிகள், ஹார்மோன் தடுப்பு மருந்தோடு செய்த சோதனை, கீழே ஜாருனியின் கையெழுத்து, அதற்கும் கீழே தவீப்பின் கையெழுத்து. ஒரு பிரதி கம்பெனிக்கு, ஒரு பிரதி ஆஸ்பத்திரி டாக்டருக்கு. டாக்டர் அதை வார்டுச் சுவரில் ஒட்டினார். பதினோரு பெண்களும் கையெழுத்திட்டு மாகாண சுகாதார அலுவலகத்துக்கு இன்னொரு பிரதி அனுப்பினார்கள். கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விட்டது. குளிகை சந்தைக்கு வராமல் இல்லை. அடுத்த ஏப்ரலில் வந்தது. பெட்டியில் புற்றுநோய் என்ற சொல் பெரிய எழுத்தில் எங்கும் இல்லை. பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில், மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் உண்ணக் கூடாது என்று இருந்தது. பிம்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக் காட்டினாள்.

ஓன்சிக்கு உடம்பு எரிச்சல் திரும்பி வந்தது. டாக்டர் அதற்கு வேறொரு மாத்திரை கொடுத்தார். பாதிதான் கேட்கிறது. மீதிக்கு ஜாருனியைத் திட்டிக்கொள்கிறாள். "நீ கண்டுபிடிச்சது போதாதுடி. எரியாத வழியையும் கண்டுபிடி," என்பாள். ஜாருனி, "கண்டுபிடிச்சா உனக்குத்தான் முதல் தட்டு," என்பாள்.

கம்பெனி விலகியதால் மாணவர்களில் ஒருவன் வேறு துறைக்குப் போக வேண்டியதாயிற்று. போகும்போது ஜாருனியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனால் இரண்டாவது முறை யோசித்தாலும் அதையேதான் செய்திருப்பாள். சாவி அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் ஓர் உறையில் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. தவீப் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, அவளும் கேட்கவில்லை. வேலை விஷயம் மட்டும் பேசிக்கொண்டார்கள், முன்பைவிடச் சுருக்கமாக.

திரும்பிப் போன முதல் வாரத்தில் ஜாருனி தானே ஒரு படிவம் தயாரித்தாள். அரைப் பக்கம்தான். கொண்டுவருகிற சரக்கை எல்லா அளவிலும் சோதிப்போம். வந்த முடிவு எல்லாவற்றையும் எழுதுவோம். எதையும் நீக்கச் சொல்லிக் கேட்க மாட்டோம் என்று கம்பெனிக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் கையெழுத்து. தவீப்பின் மேஜையில் ஒரு பிரதி வைத்தாள். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மூன்று கம்பெனிகள் வந்தன. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவர் சியாங்ராயிலிருந்து ஒரு மரப்பட்டை கொண்டுவந்திருந்தார். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"எந்த லேப்லயும் இப்படிக் கேக்கலையே, அக்கா."

"நான் கேக்கறேன்."

அவர் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஜாருனி எழுந்து போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.